பயிற்சியைத் தாங்குவாரா என்பது பாதிக் கேள்விதான்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அமெரிக்காவின் மரீன் படையில் சேரும் தன்பாலீர்ப்புள்ள ஓர் இளைஞனைப் பற்றிய 'தி இன்ஸ்பெக்‌ஷன்' படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். நீடாமங்கலம் பக்கத்தில் உங்கள் நண்பர் ஒருவர் அக்னிவீர் தேர்வுக்கு, அதாவது நான்கு வருட ராணுவப் பணிக்கான ஆள்சேர்ப்புக்கு, தயாராகிக்கொண்டிருக்கிறார். அவரும் தன்பாலீர்ப்புள்ளவர் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். படத்தில் வருவதெல்லாம் நடக்கக்கூடியதா, நம் ராணுவத்திலும் அப்படித்தானா, அவர் தாங்குவாரா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அவரைப் போகவிடலாமா, தடுக்க வேண்டுமா? நண்பர் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அது நீங்களாகவே இருந்தாலும் இந்தப் பதிலில் ஒரு வார்த்தை மாறாது.

நான் ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வுபெற்றவன். சில வருடங்கள் ஒரு பயிற்சி மையத்தில் உஸ்தாதாக, அதாவது புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவனாக இருந்தேன். இப்போது மன்னார்குடி பக்கம் பையன்களை ஆள்சேர்ப்புக்குத் தயார் செய்கிறேன். ஆகவே பயிற்சியைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தைப் பற்றிச் சொல்வது ஓர் உஸ்தாதுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவுதான். வழக்கு என்று ஏதாவது வந்தால், ராணுவ வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும்.

முதலில் படம். அது கற்பனைக் கதை என்றாலும் அடிப்படை இயக்குநரின் சொந்த வாழ்க்கை. எலிகன்ஸ் பிராட்டன் என்ற அந்த இயக்குநரை, அவர் தன்பாலீர்ப்புள்ளவர் என்று தெரிந்ததும் 16 வயதில் அவருடைய தாய் வீட்டை விட்டு வெளியேற்றினார். சுமார் பத்து வருடம் வீடில்லாமல் அலைந்துவிட்டு, 25 வயதில் 2005 இல் மரீன் படையில் சேர்ந்தார். அங்கே ராணுவத்துக்காகப் படமெடுக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். 2022 இல் இந்தப் படம் வந்தது. மகனாக நடித்தவர் ஜெரமி போப், தாயாக கேப்ரியேல் யூனியன். குளியலறையில் உடல் காட்டிக்கொடுத்துவிட, சக வீரர்கள் சேர்ந்து அடிப்பது, துப்பாக்கி சுடும் தேர்வில் மதிப்பெண்ணை வேண்டுமென்றே குறைத்து எழுதுவது, நீச்சல் பயிற்சியில் தண்ணீருக்குள் அமுக்குவது என்று நீங்கள் குறிப்பிட்ட காட்சிகள் ஒவ்வொன்றும் அப்படியே நடந்தவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கதைக்காக அடுக்கப்பட்டவையும் அதில் இருக்கும். ஆனால் அந்தச் சூழல் உண்மையானது.

ஏன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், கதை நடக்கும் 2005 இல் அமெரிக்க ராணுவத்தில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. 1993 இல் கொண்டுவரப்பட்டது. நீ யாரை விரும்புகிறாய் என்று அதிகாரி கேட்கக் கூடாது, நீயும் சொல்லக் கூடாது. வெளியே தெரிந்தால் வெளியேற்றுவார்கள். 2011 செப்டம்பர் 20 அன்று அது முடிவுக்கு வரும்வரை 13,000 பேருக்கும் மேல் அப்படி அனுப்பப்பட்டார்கள். படத்தின் உயிரே இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. பயிற்சியாளருக்கு அவன் யார் என்று தெரிந்துவிடுகிறது, ஆனால் கேட்டு வெளியேற்ற வழியில்லை. அப்போது என்ன செய்வார்? பயிற்சி என்ற பெயரிலேயே அவனைத் தானாக ஓட வைக்கப் பார்ப்பார். எல்லாரையும் ஓட விடும்போது இவனை இன்னும் இரண்டு சுற்று, எல்லாரும் தரையில் கிடக்கும்போது இவனை இன்னும் கொஞ்ச நேரம். எழுதிப் பிடிக்க முடியாத தண்டனை அது. உஸ்தாதாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், படத்தில் என்னை உறுத்தியது அடி உதை இல்லை, இந்தக் கணக்குதான். ஒரு பயிற்சியாளர் நினைத்தால், எந்த விதியையும் மீறாத மாதிரியே ஒரு பையனை நொறுக்கிவிட முடியும்.

படத்தில் ஒரு முஸ்லிம் பையனும் அதே மாதிரி வதைபடுகிறான், அது மிகை இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். மிகை இல்லை. தெற்குக் கரோலினாவில் பாரிஸ் தீவு என்ற இடத்தில் மரீன்களின் பெரிய பயிற்சி முகாம் இருக்கிறது, 13 வாரப் பயிற்சி. அங்கே 2016 இல் ஒரு முஸ்லிம் இளைஞர் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அதன் பிறகு நடந்த விசாரணையில், முஸ்லிம் வீரர்களைக் குறிவைத்துத் துன்புறுத்தியதாக ஒரு பயிற்சியாளருக்கு 2017 இல் பத்து வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதே தீவில் 1956 ஏப்ரலில் ஒரு பயிற்சியாளர், ஒழுங்கு கற்றுக்கொடுக்கிறேன் என்று இரவு நேரத்தில் தன் படைப்பிரிவைச் சதுப்புநில ஓடைக்குள் இறக்கினார். ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிகளை நிறைய மாற்றினார்கள். மாற்றியும் 2016 வந்தது.

சரி, நம் ராணுவம். எந்தப் பயிற்சி மையமாக இருந்தாலும், குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்ட் மையமாக இருந்தாலும், அன்றாடம் ஏறக்குறைய ஒன்றுதான். விடிவதற்கு முன் எழுப்புவார்கள், உடற்பயிற்சி, பரேட், ஆயுதப் பயிற்சி, வகுப்பு, விளையாட்டு, இரவு எண்ணிக்கை. பேரக்ஸில், அதாவது வீரர்கள் தங்கும் கூடத்தில், வரிசையாகக் கட்டில், காலடியில் பெட்டி. குளிப்பது திறந்த இடத்தில், எல்லாரும் ஒன்றாக. நம் பக்கத்துப் பையன்களுக்கு முதல் மாதத்தில் பெரிய கஷ்டம் ஓட்டம் இல்லை, ஹிந்தியும் ரொட்டியும்தான். சொல்வது புரியாமல் விழிப்பான், அதற்கே ரகடா வாங்குவான். ரகடா என்றால் உருளுவது, ஊர்வது, முட்டி போடுவது, கோழி மாதிரி குனிந்து நிற்பது. அது எல்லாருக்கும் உண்டு. அதைத் தாங்காமல் ஓடியவர்கள் நான் பார்த்தவரை குறைவு. வாய்க்கால் கரையில் ஓடி, அறுவடைக் காலத்தில் மூட்டை தூக்கி வளர்ந்த பையனுக்கு உடல் பழகிவிடும். உங்கள் நண்பர் உடலால் தாங்குவாரா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரை விரும்புகிறோம் என்பதற்கும் நெஞ்சுரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அவரை உடைக்கக்கூடியது வேறு. பயிற்சியில் இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஜோடி போடுவோம், அந்தக் கூட்டாளியை ஆங்கிலத்தில் பட்டி (buddy) என்போம். நீ கயிறு ஏறினால் கீழே பிடிப்பவன் அவன், உனக்குக் காய்ச்சல் வந்தால் லங்கரிலிருந்து, அதாவது சமையல் கூடத்திலிருந்து, சாப்பாடு கொண்டுவருபவன் அவன். என் பிளாட்டூனில் ஒரு பையன் இருந்தான். மெதுவாகப் பேசுவான், துணியை அழகாக மடிப்பான், அவ்வளவுதான். அவன் யாரை விரும்பினான் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. மற்றவர்கள் அவனுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அப்புறம் பக்கத்துக் கட்டில்காரன் கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போட்டான். அதற்கடுத்தவனும் தள்ளினான். அந்தப் பையன் ஓட்டத்தில் நல்ல நேரம் எடுத்துக்கொண்டிருந்தவன், இரண்டே வாரத்தில் பின்னால் விழ ஆரம்பித்தான். கால் பிரச்சினை என்று மருத்துவரிடம் அனுப்பினோம், காலில் ஒன்றுமில்லை. கட்டில்களை நெஞ்சு எண் வரிசைப்படி நானே நின்று மாற்றிப் போட வைத்தேன். பட்டியை வாரத்துக்கு வாரம் மாற்றினேன், எல்லாரும் எல்லாரோடும் கயிறு பிடித்தாக வேண்டும் என்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டவனை அவனுக்கே பட்டியாகப் போட்டேன். ஓட்டம் திரும்பி வந்தது. எந்த உபதேசமும் செய்யவில்லை. பயிற்சியாளர் கவனித்தால் இவ்வளவு செய்யலாம். கவனிக்காத பயிற்சியாளர் வாய்த்தால், அல்லது அவரே சேர்ந்து சிரிப்பவராக இருந்தால், அந்தப் பையனுக்கு இரவு பகல் இரண்டும் நரகம். எவர் வாய்ப்பார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதை நீங்கள் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். படத்திலும் கவனித்துப் பாருங்கள். அந்த இளைஞன் தப்பிப்பது உடல் பலத்தால் இல்லை. ஒரு பயிற்சியாளர் அவனை மனிதனாகப் பார்க்கிறார், அவனும் அழுதுகொண்டிருக்கும் இன்னொரு பையனுக்குத் துணை நிற்கிறான். அங்கிருந்துதான் காற்று மாறுகிறது.

சட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயது வந்த இருவர் மனமொத்து உறவு கொள்வது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் ராணுவத்தில் இருப்பவர்களுக்கு 1950 ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் தனியாக உண்டு. படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அரசியல் சட்டத்தின் 33 ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த ராணுவச் சட்டத்தின் 46 ஆம் பிரிவில், 'இயற்கைக்கு மாறான' இழிசெயல் என்ற பழைய வாசகம் இருக்கிறது, ஏழு வருடம் வரை சிறை. 2018 தீர்ப்பு அந்தப் பிரிவை ரத்து செய்யவில்லை. 2019 ஜனவரியில் அப்போதைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத், ராணுவத்தில் இதை அனுமதிக்க மாட்டோம் என்று செய்தியாளர்களிடமே சொன்னார். 2022 இல் இயக்குநர் ஒனிர், தன்பாலீர்ப்புள்ள ஒரு ராணுவ அதிகாரியைப் பற்றிப் படமெடுக்கக் கேட்டபோது பாதுகாப்பு அமைச்சகம் தடையில்லாச் சான்று தர மறுத்தது. உங்கள் நண்பரின் கதையைத் திரையில் காட்டக்கூட ராணுவத்தின் ஒப்புதல் கிடைக்காத நிலை என்பதை அவர் தெரிந்துகொள்வது நல்லது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பிரிவு செயலைத்தான் தண்டிக்கிறது, மனதில் இருக்கும் ஈர்ப்பை இல்லை. ஒருவர் தன்பாலீர்ப்புள்ளவராக இருப்பதே குற்றம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. மருத்துவப் பரிசோதனையில் தெரிந்துவிடுமோ என்று நண்பர் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். கண், காது, பல், தட்டைப் பாதம், முட்டி இடிப்பது, குடலிறக்கம், மூலம் இப்படித்தான் பார்ப்பார்கள். ஒருவர் யாரை விரும்புகிறார் என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை உலகத்திலேயே கிடையாது. அந்தப் பயத்தை இன்றே விடச் சொல்லுங்கள்.

அவருக்குத் தீங்கு நடந்தால் என்ன வழி? பதவியில் கீழே இருப்பவரை அடிப்பதும் கொடுமைப்படுத்துவதும் ராணுவச் சட்டம் 47 ஆம் பிரிவின்படி குற்றம், அதற்கும் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. ஆனால் அது ஹவில்தார், அதிகாரி போன்ற மேலிருப்பவர்களுக்கு. குளியலறையில் சக வீரர்கள் செய்தால், கம்பெனி கமாண்டரிடம் முறையிடலாம். பாலியல் ரீதியான தாக்குதலாக இருந்தால் நிலைமை சிக்கலானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 'இயற்கைக்கு மாறான' உறவைத் தண்டித்த 377 ஆம் பிரிவுக்கு ஈடாக எதையும் வைக்கவில்லை. அதனால் வயது வந்த ஓர் ஆணைப் பாலியல் ரீதியாகத் தாக்கினால், வல்லுறவு என்று வழக்குப் போடப் பொதுச் சட்டத்தில் பிரிவு இல்லை. ராணுவத்துக்குள் அதற்கு நேராகப் பொருந்தக்கூடியது அதே 46 ஆம் பிரிவுதான். எந்த வாசகத்தைக் கண்டு அவர் பயப்பட வேண்டியிருக்கிறதோ, தன்னைத் தாக்கியவன் மேல் அதையே காட்டிப் புகார் சொல்ல வேண்டியிருக்கும். இது எனக்கு மிகவும் வேதனையான விஷயம். மனமொத்ததையும் வலுக்கட்டாயத்தையும் ஒரே வாசகத்தில் போட்டுவைத்திருப்பது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இப்படிப்பட்டவர்களைச் சேர்த்தால் ஒழுங்கு கெடும் என்று நம் ஊர் முன்னாள் வீரர்கள் பலர் டீக்கடையில் சொல்வார்கள், உங்கள் காதிலும் விழுந்திருக்கும். பிரிட்டன் 2000 ஜனவரியில் தடையை நீக்கியது, 2023 இல் பழைய கொடுமைக்காக அந்நாட்டுப் பிரதமர் மன்னிப்பும் கேட்டார். அமெரிக்கா 2011 இல் நீக்கியது. இரண்டு படைகளும் அதற்குப் பிறகும் போர்க்களத்தில் நின்றுகொண்டுதான் இருந்தன. ஒழுங்கைக் கெடுப்பது யார் என்று என்னைக் கேட்டால், கட்டிலைத் தள்ளிப் போட்டவனைத்தான் சொல்வேன்.

இனி வீடு. நீங்கள் கேட்காதது, ஆனால் படம் முழுக்க இருப்பது. அந்த இளைஞன் எதற்காகப் படையில் சேருகிறான்? அம்மா ஏற்றுக்கொள்வார் என்று. பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது, மகன் உட்காரும் இடத்தில் செய்தித்தாளை விரிக்கிறார் அந்தத் தாய். கடைசியில் சீருடையைப் பார்த்துப் பெருமையோடு வந்து நிற்கிறார். அவன் மாறவில்லை என்று தெரிந்ததும் மறுபடி விலகிப் போகிறார். சீருடையைத்தான் ஏற்றுக்கொண்டார், மகனை இல்லை. இயக்குநரின் சொந்தத் தாயும் படம் முடிவதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்குத்தான் படத்தைச் சமர்ப்பித்திருக்கிறார்.

நம் டெல்டாவில் இது வேறு விதமாக வரும், ஆனால் வரும். கஜா புயலில் தென்னை சாய்ந்த பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்து வீடுகளிலிருந்தும், குறுவையை நம்பி மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீடுகளிலிருந்தும் என்னிடம் வரும் பையன்களுக்குப் பட்டாளம் என்றால் சம்பளம் மட்டும் இல்லை, ஊரில் தலைநிமிர்வு. பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் கசம் பரேட் அன்று பெற்றோரை அழைத்து கௌரவ் பதக்கம் அணிவிப்பார்கள். அழாத தகப்பனை நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்கடுத்த விடுமுறையிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும், பையன் பட்டாளத்தில் இருக்கிறான், பெண் பார்க்கலாமா என்று. கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்க ராணுவம் போகலாம் என்று உங்கள் நண்பர் நினைத்தால் அது தலைகீழாகத்தான் முடியும். அக்னிவீராகச் சேரும்போது திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் கொஞ்ச காலம் பேச்சைத் தள்ளிப்போட முடியும். நான்கு வருடம் முடியும்போது அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்கள் பணி முடியும்போது கிடைக்கும் சேவா நிதித் தொகையோடு, இருபதுகளின் முதல் பாதியில், ஊர் திரும்புவார்கள். கையில் பணம், சரியான வயது, பட்டாளத்துப் பெயர். வீட்டார் சும்மா இருக்க மாட்டார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்து இழுத்துவிடும் முடிவு அப்போது அவர் முன்னால் நிற்கும். அதற்கு இன்றே மனதில் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு வதந்தி கிளம்பினால் நிரந்தரத் தேர்வைப் பாதிக்குமா? விதியில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் அந்தத் தேர்வில் நான்கு வருட நடத்தையைப் பற்றிய மேலதிகாரியின் மதிப்பீடும் சேர்கிறது. அதனால் பாதிக்க வாய்ப்பு உண்டு என்று நான் கருதுகிறேன். இது என் ஊகம், உறுதியான தகவல் இல்லை, அந்த அளவுக்கு மட்டும் எடைபோடுங்கள்.

ஆக, போகலாமா? அவருக்கு ராணுவ வேலை பிடித்திருந்தால், துப்பாக்கியும் அணிவகுப்பும் புது ஊர்களும் மனதை இழுத்தால், போகட்டும். தன்னை மாற்றிவிடும் என்றோ, அப்பாவிடம் தன்னை நிரூபிக்கலாம் என்றோ போனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பயிற்சி யாரையும் அந்த விஷயத்தில் மாற்றியதில்லை, மருத்துவமும் மாற்றாது. மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லும் மருத்துவர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடுத்துவிட்டது. 2022 இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ அப்படி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சீருடைதான் ஆசை என்றால் தமிழ்நாடு காவல் துறையையும் யோசிக்கச் சொல்லுங்கள். ராணுவச் சட்டத்தின் 46 ஆம் பிரிவு அங்கே கிடையாது. பாலினச் சிறுபான்மையினரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று 2022 இல் நடத்தை விதியிலேயே சேர்த்திருக்கிறார்கள். அது பொதுமக்களுக்கான பாதுகாப்பு, உள்ளே வேலை செய்பவருக்கு நேரடியாக எழுதப்பட்டது இல்லை. காவலர் விடுதியில் கேலி இருக்காது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் விடுப்பு கிடைக்கும்போது வீட்டுக்கோ நண்பரிடமோ வந்துபோகலாம், அந்த வித்தியாசம் பெரியது.

ராணுவம்தான் என்று முடிவெடுத்தால், போவதற்கு முன் மூன்று நான்கு விஷயம் செய்து வைக்கட்டும். கைப்பேசியில் இருக்கும் தனிப்பட்ட படங்கள், பேச்சுகள் எல்லாவற்றையும் அழித்துவிடட்டும். பயிற்சி மையத்தில் கைப்பேசியை வாங்கி வைப்பார்கள், விடுமுறை நாளில் தருவார்கள், பேரக்ஸில் அது நாலு கை மாறும். யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை, அது பொய் சொல்வதும் ஆகாது. முதல் மாதத்திலேயே ஒரு பட்டியிடம் நல்லபடி பழகிக்கொள்ளட்டும், ஹிந்தி தெரியாமல் தவிக்கும் இன்னொரு பையனுக்கு உதவுவதிலிருந்து அது தொடங்கும். அடி விழுந்தால் அன்றே மருத்துவ அறைக்குப் போய்க் காயத்தைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு சொல்லும் முறையீட்டுக்கு அந்த ஒரு தாள்தான் கால். மனம் தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசுவார்கள், இரவிலும் எடுப்பார்கள்.

அப்புறம் நீங்கள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கைப்பேசி கிடைக்கும் நேரத்தில் உங்கள் எண் எடுக்கப்பட வேண்டும். கடிதமும் போடுங்கள், பேரக்ஸில் கடிதம் வராத பையனை எல்லாருக்கும் தெரியும். கடிதம் இன்னொருவர் கையில் பிரிபடலாம், அதனால் வயல், ஆறு, கோயில் திருவிழா, கிரிக்கெட் என்று எழுதினால் போதும். ஓட்டம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்கிறாரா, பீமில், அதாவது கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பதில், பத்து எடுக்கிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.